சரிவுதான் தள்ளும்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரயில் ஏறியவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். கல்லாறு வரை சாதாரண ரயில்போல ஓடும் வண்டி, அதைத் தாண்டியதும் அடியிலிருந்து கடகடவென்று வேறொரு குரலில் பேச ஆரம்பிக்கும். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏற வேண்டும். மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் 12 மீட்டர் முன்னே போவதற்குள் 1 மீட்டர் மேலே ஏறிவிடும் பாதை அது. குன்னூர் வந்ததும் சத்தம் ஓய்ந்துவிடும். அங்கிருந்து ஊட்டி வரை பல் கிடையாது, வெறும் தண்டவாளம்தான்.

ஸ்டேஷன் பலகைகளை மட்டும் பார்ப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் சொச்சம், குன்னூர் சுமார் 1,700, ஊட்டி சுமார் 2,200. பாதையின் மிக உயரமான பகுதியில் பல் தேவைப்படவில்லை. அதற்குக் கீழே தேவைப்பட்டது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டியைப் பின்னுக்கு இழுப்பது பலகையில் எழுதிய உயரம் இல்லை, சக்கரத்துக்கு அடியில் உள்ள சரிவு. குன்னூருக்கு மேலே உயரம் அதிகம், சரிவு குறைவு.

மின்னழுத்தத்துக்கும், மின்னூட்டம் பெற்ற ஒரு துகளின்மீது செயல்படும் விசைக்கும் உள்ள உறவு இந்த மலை ரயிலில் அடங்கிவிடுகிறது. மின்னழுத்தம் என்பது பலகையில் உள்ள எண். விசையைத் தருவது சரிவு. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தனித்தனிச் சூத்திரமாக உருப்போட்ட நம்மில் பலரும், எண் பெரிதானால் விசையும் பெரிதாகும் என்றே நம்பிக்கொண்டிருக்கிறோம். மின்மாற்றிக் கம்பத்தில் தொங்கும் மண்டையோட்டுப் படம் அந்த நம்பிக்கையை இன்னும் கெட்டிப்படுத்துகிறது.

வோல்ட் என்றால் என்ன?

அரிசி மூட்டையை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனால் முதுகு விண்டுபோகிறது. பெரிய மூட்டைக்கு அதிக வேலை, சின்ன மூட்டைக்குக் குறைந்த வேலை. ஆனால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு வேலை என்று வகுத்துப் பார்த்தால், அந்த எண் மூட்டையைப் பொறுத்து மாறாது. அது மாடியின் உயரத்தைச் சொல்லும் எண். மின்னழுத்தமும் அப்படித்தான். ஒரு கூலூம் மின்னூட்டத்தை ஓரிடத்துக்குக் கொண்டுவர எத்தனை ஜூல் வேலை செய்ய வேண்டுமோ, அதுவே அந்த இடத்தின் மின்னழுத்தம். கூலூமுக்கு 1 ஜூல் என்றால் 1 வோல்ட்.

எங்கிருந்து கொண்டுவருவது? அது நம் வசதி. மலைகளைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதுபோல, மின்னழுத்தத்தைத் தரையிலிருந்து அளப்பது வழக்கம். நாளைக்கே கடல் மட்டத்தைக் கைவிட்டு, மேட்டுப்பாளையம் நடைமேடைதான் இனி பூஜ்யம் என்று அறிவித்தால், பாதையில் உள்ள எல்லாப் பலகைகளையும் அழித்து எழுத வேண்டும். எஞ்சினுக்கு மட்டும் எந்த மாற்றமும் தெரியாது. ஓர் இடத்தின் மின்னழுத்தம் இவ்வளவு என்று தனியாகச் சொல்வதில் பொருளில்லை. இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில்தான் பொருள் இருக்கிறது.

அந்த வித்தியாசம் எவ்வளவு தூரத்துக்குள் நிகழ்கிறது என்பது அடுத்த கேள்வி. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. அதைத் திருப்பிப் போட்டால், வேலையைத் தூரத்தால் வகுக்க விசை கிடைக்கும். ஆக, ஒரு மீட்டர் நகர்வதற்குள் மின்னழுத்தம் எத்தனை வோல்ட் மாறுகிறதோ, அத்தனை நியூட்டன் விசை அங்கே ஒரு கூலூம் மின்னூட்டத்தின்மீது செயல்படும். மீட்டருக்கு ஒரு வோல்ட் என்பதும் கூலூமுக்கு ஒரு நியூட்டன் என்பதும் ஒரே அளவுக்கு இரண்டு பெயர்கள். இந்தச் சரிவைத்தான் பாடநூல்கள் மின்புலம் என்கின்றன. துகளின் மின்னூட்டத்தை மின்புலத்தால் பெருக்கினால் அதன்மீதான விசை வந்துவிடும். சூத்திரம் அவ்வளவுதான்.

கம்பிமேல் காகம்

தெருவோரத்து 11,000 வோல்ட் கம்பியில் ஒரு காகம் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. 11,000 என்பது இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே என்றால் சுமார் 6,350 வோல்ட். காகத்தின் கால், வயிறு, அலகு எல்லாமே அந்த உயரத்துக்கு ஏறிவிட்டன. மாறுமின்னோட்டம் என்பதால் அந்த உயரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. அலைமேல் கட்டுமரம்போலக் காகமும் மொத்தமாக ஏறி இறங்குகிறது.

அதன் இரண்டு கால்களுக்கு இடையே எவ்வளவு சரிவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு அரை ஓம் என்றும், அதில் 100 ஆம்பியர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கால்களுக்கு இடையே 5 சென்டிமீட்டர். அந்தத் துண்டின் மின்தடையை ஆம்பியரால் பெருக்கினால் 0.0025 வோல்ட் வருகிறது. டார்ச் லைட்டில் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியில் அறுநூறில் ஒரு பங்கு. காகம் ஊட்டி உயரத்தில் நிற்கிறது, ஆனால் சமதளத்தில் நிற்கிறது. அதன் உடலில் உள்ள மின்னூட்டங்களைத் தள்ள அங்கே சரிவு இல்லை.

அதே கம்பியில் மயிலோ பழந்தின்னி வௌவாலோ வந்து சிறகை விரித்து அடுத்த கம்பியையும் தொட்டுவிட்டால் கதை வேறு. ஒரு சிறகு ஒரு மலையில், இன்னொரு சிறகு வேறொரு மலையில். இடையே உள்ள 11,000 வோல்ட்டும் அந்த உடலுக்குள்ளேயே சரிந்தாக வேண்டும். கம்பி மாறவில்லை, வோல்ட் மாறவில்லை. சரிவு உடலுக்குள் வந்துவிட்டது.

மாவு மில்லில் பிறந்த கணக்கு

விசைதான் வேண்டுமென்றால் நேரே விசையையே கணக்கிட்டுவிடலாமே, நடுவில் மின்னழுத்தம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விசைக்கு அளவோடு திசையும் உண்டு. நூறு மின்னூட்டங்கள் ஒரு துகளை நூறு திசைகளில் இழுத்தால், நூறு அம்புகளைக் கூட்ட வேண்டும். ஒவ்வோர் அம்பையும் கிழக்கு, வடக்கு, மேல் என்று மூன்றாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். மின்னழுத்தத்துக்குத் திசை கிடையாது. நூறு எண்களை மளிகைக் கடைச் சீட்டுபோல மேலிருந்து கீழாகக் கூட்டினால் முடிந்தது. இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கிடைத்துவிட்டால், பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்திலிருந்து சரிவைப் படித்துவிடலாம். சரிவிலிருந்து விசை, திசையோடு சேர்த்தே கிடைத்துவிடும்.

மின்சாரத்தில் இந்த வழியை முழுமையாக வகுத்துக் கொடுத்தவர் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, அப்பாவின் காற்றாலையில் மாவு அரைத்த ஜார்ஜ் கிரீன். பள்ளிக்கூடம் போனது ஓராண்டுக்கு மேல் இராது. 1828இல் தம் கட்டுரையைச் சந்தா சேர்த்து அச்சிட்டார். வாங்கியவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு புரிந்திருக்கும் என்பது சந்தேகமே. தமது நாற்பதாவது வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார் கிரீன், 1841இல் இறந்துபோனார். சில ஆண்டுகள் கழித்து, பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சேற்றிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. இன்று இயற்பியல் மாணவர் எவரும் கிரீனின் பெயரைக் கடக்காமல் பட்டம் வாங்க முடியாது.

துளி தொங்கிய இடம்

உயரம் வேறு, சரிவு வேறு என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், ராபர்ட் மில்லிகன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1909 முதல் தம் மாணவர் ஹார்வி ஃபிளெட்சருடன் செய்த சோதனைக்குப் போக வேண்டும். வட்டமான இரண்டு உலோகத் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, சுமார் 16 மில்லிமீட்டர் இடைவெளியில். மேல் தட்டில் ஊசித்துளை. செண்ட் தெளிப்பானால் எண்ணெயைப் புகைபோலத் தெளித்தால், ஏதோ ஒரு துளி அந்தத் துளை வழியாகத் தட்டுகளுக்கு நடுவே இறங்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில், தொலைநோக்கிக் குழாய் வழியே பார்த்தால் கறுப்புப் பின்னணியில் ஒரு நட்சத்திரம் மெல்லக் கீழே விழுவதுபோலத் தெரியும்.

தட்டுகளுக்கு இடையே 5,000 வோல்ட் கொடுத்தால், 16 மில்லிமீட்டருக்குள் 5,000 வோல்ட் உயரம். மீட்டர் கணக்கில் மூன்று லட்சம் வோல்ட்டுக்கு மேற்பட்ட சரிவு. ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள எண்ணெய்த் துளியின் எடை, ஒரு நியூட்டனை நூறு லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஏறக்குறைய நான்கு பங்கு. அந்தத் துளியில் ஒரே ஒரு எலக்ட்ரான் கூடுதலாக ஒட்டியிருந்தாலும், இந்தச் சரிவு அதை மேல்நோக்கி ஐந்து பங்கு விசையோடு இழுக்கும். ஓர் எலக்ட்ரான் ஒரு துளி எண்ணெயைத் தூக்கிவிடுகிறது! வோல்ட்டைச் சற்றுக் குறைத்தால் எடையும் விசையும் சமமாகி, துளி அந்தரத்தில் நின்றுவிடும்.

அது எங்கே நிற்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. தட்டுகளின் நடுவே நிற்கலாம், மேல் தட்டை ஒட்டி நிற்கலாம், கீழ்த் தட்டுக்குச் சற்று மேலேயும் நிற்கலாம். கீழே மின்னழுத்தம் சில நூறு வோல்ட், மேலே சில ஆயிரம். ஆனாலும் எல்லா இடத்திலும் அதே வோல்ட்தான் அதைத் தாங்கிப் பிடிக்கப் போதுமானது. இரண்டு சமதளத் தட்டுகளுக்கு நடுவே சரிவு எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது; ஆகவே விசையும் ஒன்றுபோலவே இருக்கிறது.

துளி காற்றிலிருந்து இன்னோர் அயனியைப் பிடித்துக்கொண்டால் அதன் வேகம் திடீரென மாறும். அந்த மாற்றம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட அளவின் மடங்காகவே இருந்தது. சரிவு தெரியும், விசை தெரியும், வகுத்தால் மின்னூட்டம். எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு மில்லிகன் 1913இல் வெளியிட்ட மதிப்பு, இன்றைய மதிப்பிலிருந்து நூற்றில் ஒரு பங்குகூட விலகவில்லை. 1923இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மேட்டுக்கு ஓடும் எலக்ட்ரான்

ஒரு சிக்கல் பாக்கி. நேர் மின்னூட்டம் கூழாங்கல்போலச் சரிவில் இறங்கும். எலக்ட்ரானோ எதிர் மின்னூட்டம் கொண்டது. அது மேட்டை நோக்கி ஓடும். எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு முன்னால் வரும் கழித்தல் குறி சொல்வது இதைத்தான். நேர் மின்னூட்டத்தை வைத்து வரைந்த மலைப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் எலக்ட்ரானின் படம் வந்துவிடும்.

வீட்டில் பெட்டி போன்ற பழைய கலர் டிவி இருந்தவர்கள், அதைப் போட்டதும் திரைக்கருகே கையை நீட்டி மயிர் சிலிர்ப்பதை வேடிக்கை பார்த்திருப்பார்கள். அந்த டிவியின் படக்குழாயில், பின்முனையில் புறப்படும் எலக்ட்ரான்கள், திரைப் பக்கத்தில் உள்ள சுமார் 25,000 வோல்ட் மேட்டை நோக்கி ஓடின. திரையில் மோதும்போது அவற்றின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

இங்கே உயரத்துக்கும் அதன் மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பழனிக்குப் படிப்பாதையிலும் ஏறலாம், யானைப்பாதையிலும் ஏறலாம். படியில் ஒவ்வோர் அடியும் தொடையைப் பிடிக்கும்; யானைப்பாதையில் சிரமம் குறைவு, நடை அதிகம். உச்சியில் இரண்டு பேரும் ஏறிய உயரம் ஒன்றே. அந்தந்த இடத்தில் எவ்வளவு விசை என்பதைச் சரிவு சொல்கிறது. பயணம் முடிந்தபின் மொத்தம் எவ்வளவு ஆற்றல் என்பதை உயர வித்தியாசம் சொல்கிறது. குழாயின் நீளம் கூடினாலும் குறைந்தாலும், 25,000 வோல்ட்டைக் கடந்த எலக்ட்ரான் அதே வேகத்தோடுதான் திரையில் மோதும்.

எந்த வழியில் போனாலும் உயரம் ஒன்றே என்னும் இந்த விதி, அசையாமல் நிற்கும் மின்னூட்டங்களின் உலகத்துக்கு உரியது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைச் சுற்றி, மின்மாற்றியில் நடப்பதுபோல, ஒரு மின்னூட்டம் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் அதன் ஆற்றல் கூடியிருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு உயரப் படமே வரைய முடியாது.

இரண்டு புதிர்கள்

மின்னழுத்தம் மிக அதிகம், விசை பூஜ்யம். இப்படி ஓர் இடம் உண்டா? 1836 ஜனவரியில் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் நிறுவனத்தில் 12 அடிப் பெட்டி ஒன்றைக் கட்டினார். மரச் சட்டத்தின்மேல் கம்பியும் வெள்ளீயத் தகடும் சுற்றி, தரையைத் தொடாமல் நிறுத்தி, மின்பொறியால் அதற்குக் கடுமையாக மின்னேற்றினார். வெளிப்பக்கத்திலிருந்து தீப்பொறி பறந்தது. மெழுகுவர்த்தியும் மின்னளவிகளுமாக ஃபாரடே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு முள்ளும் அசையவில்லை. பெட்டியின் உட்புறம் முழுவதும் ஒரே உயரம். பெரிய மலையின் உச்சியில் ஒரு கிரிக்கெட் மைதானம். இடி இடிக்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகக் கூரை போட்ட காருக்குள் இருப்பது நல்லது என்பதும் இதனால்தான்.

இரண்டாவது, இதன் தலைகீழ். மின்னழுத்தம் பூஜ்யம், விசை பலமானது. சம அளவுள்ள ஒரு நேர் மின்னூட்டத்தையும் ஓர் எதிர் மின்னூட்டத்தையும் சற்றுத் தள்ளி வைத்தால், சரிபாதி இடத்தில் இரண்டின் பங்கும் கழிந்து மின்னழுத்தம் பூஜ்யமாகிவிடும். அங்கே ஒரு துகளை வைத்தால் அது சும்மா இருக்காது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கிணறு. நடுவே நாம் நிற்பது நல்ல சரிவில். அந்தச் சரிவு கடல் மட்டத்தை வெட்டும் புள்ளியில் நிற்கிறோம் என்பதால் பலகையில் பூஜ்யம் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கடற்கரைப் பாறையிலும் கால் வழுக்கும்.

மிகச் சின்ன மலை

உயரம் கொஞ்சமாக இருந்தாலும் தூரம் அதைவிடக் கொஞ்சமாக இருந்தால், சரிவு பயங்கரமாகிவிடும். காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட் சரிவு வந்தால் அதில் உள்ள துகள்கள் பிய்த்துக்கொண்டு ஓடித் தீப்பொறி கிளம்பும். மில்லிமீட்டரில் சொன்னால் 3,000 வோல்ட். கேஸ் அடுப்பு லைட்டரை 'டக்' என்று அமுக்கும்போது, உள்ளே அடிபடும் படிகம் இப்படிப்பட்ட சில ஆயிரம் வோல்ட்டைத்தான் முனையில் எழுப்புகிறது. மின்னூட்டத்தின் அளவு மிகச் சொற்பம் என்பதால் நமக்கு ஆபத்தில்லை.

இந்த வரியைப் படிக்கும் உங்கள் நரம்பு செல்களின் சவ்வு அதையும் தோற்கடிக்கிறது. சவ்வின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் 0.07 வோல்ட். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். காற்றையே கிழிக்கும் சரிவைப்போல மூன்று மடங்கு. சவ்வில் பொதிந்துள்ள புரதக் கதவுகளின் மின்னூட்டப் பகுதிகளை இந்தச் சரிவுதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. அது கொஞ்சம் தளர்ந்தால் கதவு திறக்கும், அயனிகள் பாயும், நரம்புச் செய்தி ஓடும்.

அறுந்து விழுந்த கம்பி

மழைக்காலத்தில் செய்தித்தாளில் அடிக்கடி வரும் துயரம் ஒன்று உண்டு. வயலில் மின்கம்பி அறுந்து விழுந்து மாடு இறந்தது. காப்பாற்றப் போனவரும் இறந்தார். கம்பியைத் தொடாமலே கூட இது நடக்கிறது. எப்படி?

கம்பி மண்ணைத் தொடும் புள்ளியிலிருந்து மின்சாரம் எல்லாப் பக்கமும் பரவுகிறது. அந்தப் புள்ளியில் கூர்மையான ஒரு மலை முளைக்கிறது. தொலைவு இரட்டித்தால் உயரம் பாதியாகும், சரிவோ கால்பங்காகும். மண்ணின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர், பாயும் மின்னோட்டம் 10 ஆம்பியர் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 1 மீட்டர் தொலைவில் சுமார் 160 வோல்ட். அங்கிருந்து முக்கால் மீட்டர் எட்டி வைத்தால் மறு காலடியில் சுமார் 90. இரண்டு கால்களுக்கும் இடையே 70 வோல்ட் வித்தியாசம். அது உடல் வழியே சரிகிறது. அதே எட்டை 10 மீட்டர் தள்ளி வைத்தால் வித்தியாசம் ஒரு வோல்ட் சொச்சம்தான். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி நம் எட்டைவிட அதிகம். அருகில் நின்றால் ஏறத்தாழ 95 வோல்ட் அதன் உடலில் விழும், அதுவும் இதயத்தின் வழியாக. மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் மின்னல் நேரே தாக்காமலே மடிவதற்கும் இதுவே காரணம்.

காகத்தைக் காப்பாற்றும் விதிதான் இங்கே நம்மையும் காப்பாற்ற வேண்டும். அறுந்த கம்பியைப் பார்த்தால் 10 மீட்டருக்கு அப்பால் நின்று, மற்றவர்களையும் தடுத்து நிறுத்தி, உடனே மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். தெரியாமல் அருகே போய்விட்டால் ஓடாதீர்கள், எட்டி அடி வைக்காதீர்கள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு, தரையிலிருந்து தூக்காமல், அங்குலம் அங்குலமாகத் தேய்த்துத் தேய்த்து விலகி வாருங்கள். துடிக்கும் மாட்டையோ மனிதரையோ கண்டு பாய்ந்து போக மனம் துடிக்கும். மின்சாரம் நின்றுவிட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை போகாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும், மாடு மேய்க்கும் பெரியவர்களுக்கும் இந்த ஒன்றை இந்த மழைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.